பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகே ஊசி: ரத்தப் பரிசோதனையும் நம் ஓட்டக்காரப் பிள்ளைகளும்

காலைப் பயிற்சி முடிந்து திடலோரம் நின்று பேசிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையின் கையில் ரத்தம் எடுத்தால் ஓர் எண் வரும். அதே பிள்ளையை நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார வைத்து எடுத்தால் எண் சற்றுக் குறையும். பாயில் அரை மணி நேரம் படுக்க வைத்து எடுத்தால் இன்னும் குறையும். மூன்றும் ஒரே உடம்பு, ஒரே ரத்தம். மருந்து எதுவும் உள்ளே போகவில்லை. நின்றதும் உட்கார்ந்ததும் படுத்ததும்தான் வித்தியாசம்.

இது ஏதோ ஆய்வுக்கூடத்துச் சங்கதி, நமக்கென்ன என்று தள்ளிவிட முடியாது. 2026 சுக்மா போட்டி சிலாங்கூரில். 2027 சீ விளையாட்டுப் போட்டி மலேசியாவில். கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங், சபாக் பெர்ணாம் பக்கத்துப் பிள்ளைகளில் சிலர் மாநில அணி வாசலில் நிற்கக்கூடும். சுக்மாவுக்குப் போகும் எல்லாருடைய ரத்தத்தையும் எடுத்துவிடுவார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நெடுந்தூர ஓட்டம், வேகநடை, சைக்கிள் ஓட்டம் என்று உடல் தாங்குதிறனை நம்பும் போட்டிகளில் ஒரு பிள்ளை மேலே ஏற ஏற, சிறுநீர்க் குப்பியோடு ரத்தக் குழாயும் ஒரு நாள் வரும். அன்றைக்கு எப்படி உட்கார வேண்டும் என்பது அந்தப் பிள்ளைக்கும், உடன் போகும் பெற்றோருக்கும், பயிற்சியாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த நாட்டுத் தமிழர்களுக்கு ஓட்டம் புதிதல்ல. 1985ல் ஜாகர்த்தாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் தங்கம் வாங்கியவர் பி. ராஜ்குமார். எம். ராமச்சந்திரன் 1994ல் 5,000, 10,000 மீட்டரில் வைத்த தேசியச் சாதனைகள் பல பத்தாண்டுகள் அசையாமல் நின்றன. 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் 3 தங்கம் வென்ற டாக்டர் எம். ஜெகதீசன், பிற்பாடு ஆசிய ஒலிம்பிக் மன்றத்தின் மருத்துவக் குழுவுக்கே தலைமை ஏற்றார். ஓடுபவனின் வலியும் பரிசோதிப்பவனின் பொறுப்பும் இரண்டும் தெரிந்த மனிதர். அப்படிப்பட்ட மரபு இருந்தும், ஊக்கமருந்துப் பரிசோதனையைப் பற்றித் தமிழில் ஒரு பக்கத் துண்டறிக்கைகூட நான் கையில் வாங்கிப் பார்த்ததில்லை.

சரி, நின்றால் ஏன் எண் ஏறுகிறது?

நம் ரத்தத்தில் ஏறக்குறைய பாதிக்கு மேல் பிளாஸ்மா என்னும் நீர். மீதி பெரும்பாலும் சிவப்பணுக்கள். அவற்றுக்குள்தான் ஹீமோகுளோபின் இருக்கிறது. நாம் நிமிர்ந்து நிற்கும்போது ரத்தத்தின் எடை கால்களை நோக்கி அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் மெல்லிய ரத்த நாளங்களின் சுவர் வழியாக நீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சதைக்குள் கசிகிறது. சிவப்பணுக்கள் பெரியவை, கசிய முடியாது, உள்ளேயே இருக்கும். அரை மணி நேரம் அசையாமல் நின்றால் பிளாஸ்மாவில் பத்து சதவீதமோ அதற்குச் சற்று மேலோ வெளியேறிவிடலாம். படுத்தால் அந்த நீர் திரும்பி வந்து சேரும்.

அடுப்பில் குழம்பு சுண்டினால் கரிக்கிறது அல்லவா? யாரும் கூடுதலாக உப்புப் போடவில்லை, தண்ணீர்தான் குறைந்தது. ஆய்வுக்கூடக் காகிதத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் எண் உப்பின் அளவைச் சொல்வதில்லை. கரிப்பின் அளவைத்தான் சொல்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும்.

கணக்காகவே பார்ப்போம். ஒருவர் உடம்பில் 5 லிட்டர் ரத்தம், அதில் 750 கிராம் ஹீமோகுளோபின் என்று வைத்துக்கொள்வோம். டெசிலிட்டருக்கு 15 கிராம். அவருடைய பிளாஸ்மா 2.75 லிட்டர் என்றால், அதில் பத்து சதவீதம் கசிந்தால் ரத்தம் 4.72 லிட்டருக்கு இறங்கும். அதே 750 கிராம், இப்போது டெசிலிட்டருக்கு 15.9. அரை மணி நேரத்தில் 0.9 கிராம் 'ஏறிவிட்டது'. ஊக்கமருந்துத் தடுப்பு நிபுணர்கள் ஒரு கிராம் மாற்றத்துக்கே புருவம் உயர்த்தும் துறை இது.

முன்பெல்லாம் இந்த எண்ணுக்கு நேரான கோடு ஒன்று போட்டிருந்தார்கள். அனைத்துலக சைக்கிளோட்டச் சம்மேளனம் 1997ல், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினால் போட்டியில் இறங்க முடியாது என்று விதித்தது. 1999ல் இத்தாலியின் பெரிய சைக்கிள் பந்தயத்தில் முன்னிலையில் இருந்த மார்கோ பந்தானி, வெற்றிக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது 52 சதவீதம் என்று வெளியேற்றப்பட்டார். அந்தக் காலத்தில் சைக்கிள் வீரர்கள் பலர் எரித்ரோபொயட்டின் என்ற ரத்தம் பெருக்கும் ஊசியைப் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது இன்று மறுக்கப்படாத செய்தி. ஆனாலும் ஒரே கோட்டை எல்லாருக்கும் போடுவதில் ஒரு கோளாறு இருந்தது. படுத்த நிலையில் 47 சதவீதம் உள்ளவர், நின்றுகொண்டே இருந்தால் 50ஐக் கிட்டத்தட்டத் தொட்டுவிடுவார். இன்னொரு பக்கம், ஏமாற்றுபவருக்கும் வழி திறந்திருந்தது. 1998 உலகப் போட்டியின்போது அணி மருத்துவர் ஒரு லிட்டர் உப்புநீர்ப் பையை மழைச்சட்டைக்குள் மறைத்துக் கொண்டுபோய் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு ஏற்றியதாக, அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம் 2012ல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. குழம்பில் தண்ணீர் ஊற்றிக் கரிப்பைக் குறைப்பதுதான் அது.

அந்த அனுபவத்துக்குப் பிறகு வந்ததுதான் விளையாட்டாளரின் உயிரியல் கடப்பிதழ். சைக்கிளோட்டத்தில் 2008லும், வாடா எனப்படும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனத்தின் பொது வழிகாட்டியாக 2009 இறுதியிலும் வந்தது. இதில் எல்லாருக்கும் ஒரே கோடு இல்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் ரத்தமே அளவுகோல். பல ஆண்டுகளில் பலமுறை எடுத்த எண்களை வைத்து, அடுத்த முறை இந்தப் பிள்ளைக்கு இதிலிருந்து இதற்குள்தான் வரவேண்டும் என்று கணினி ஓர் எல்லையைக் கணிக்கிறது. எல்லையைத் தாண்டினால் பெயர் மறைக்கப்பட்ட கோப்பு நிபுணர்களிடம் போகும். மூன்று நிபுணர்கள் ஒருமனதாக 'இது ஊக்கமருந்தாகத்தான் இருக்கும்' என்று சொன்னால் வழக்கு. தண்டனை நான்கு ஆண்டுத் தடை வரை போகலாம்.

நம் வாசகர்களுக்குத் தெரிந்த வழக்குகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். 2014ல் லீ சோங் வெய் சிக்கியது டெக்ஸாமெத்தசோன் என்ற பெயருள்ள மருந்தில். 2019ல் தோஹாவில் 800 மீட்டர் ஆசியத் தங்கம் வென்ற திருச்சி மாவட்டத்துக் கோமதி மாரிமுத்து, அந்தத் தங்கத்தையும் நான்கு ஆண்டுகளையும் இழந்தது நான்ட்ரோலோன் என்ற பெயருள்ள மருந்தில். அவர் மறுத்தார், நாம் இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஆனால் குப்பியில் ஒரு பொருள் இருந்தது என்பதே அந்த வழக்குகளின் அடிப்படை. கடப்பிதழ் வழக்கில் பொருளே கிடையாது. எண்கள் மட்டும்தான். எண்களே சாட்சி என்றால், அந்த எண்ணை எப்படி எடுத்தார்கள் என்பதுதான் முழு வழக்கும்.

அதனால்தான் வாடா விதியில் நாற்காலிக்கு இவ்வளவு முக்கியத்துவம். பயிற்சியோ போட்டியோ முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் கடப்பிதழுக்கான ரத்தம் எடுக்கக் கூடாது. எடுப்பதற்கு முன் குறைந்தது பத்து நிமிடம், இரண்டு பாதங்களும் தரையில் பட, சாதாரணமாக உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்து நடக்கக் கூடாது, சாய்ந்து படுக்கக் கூடாது. பத்து நிமிடத்தில் நீர்க்கணக்கு முழுவதும் நேராகிவிடாது என்பது உண்மை. ஆனால் சென்ற முறையும் இந்த முறையும், பெஸ்தாரி ஜெயாவிலும் பெர்லினிலும், எல்லாரிடமும் ஒரே மாதிரி எடுத்தால் எண்களை ஒப்பிட முடியும். சுத்தமான எண்ணைவிட ஒப்பிடக்கூடிய எண்தான் இங்கே தேவை.

இளம் விளையாட்டாளருக்கு இதில் கூடுதல் ஆபத்து ஒன்று உண்டு என்பது என் கருத்து. கடப்பிதழ் தொடங்கும்போது கணினிக்கு அந்தப் பிள்ளையைத் தெரியாது. எல்லை அகலமாக இருக்கும். முதல் சில மாதிரிகள் சேரச் சேர எல்லை குறுகும். அந்த முதல் மாதிரிகளில் ஒன்றிரண்டு, படுக்கையிலிருந்து எழுப்பி உடனே எடுத்தவை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிப்படை எண் தாழ்வாகப் பதிந்துவிடும். பிறகு ஒழுங்காக உட்கார்ந்து கொடுத்த மாதிரி அதற்கு எதிரே உயர்வாகத் தெரியும். பிள்ளை ஒன்றும் செய்யாமலேயே சந்தேகம் முளைக்கும்.

இதைப் படித்துவிட்டு, 'அப்படியானால் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாம் நின்றதால் மாட்டினார்களா' என்று கேட்கலாம். இல்லை. கடப்பிதழ் ஹீமோகுளோபினை மட்டும் பார்ப்பதில்லை. எலும்பு மஜ்ஜையிலிருந்து புதிதாக வெளிவந்த இளம் சிவப்பணுக்கள் மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்றும் பார்க்கிறது. அது விகிதம். தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் விகிதம் மாறாது. ரத்தம் பெருக்கும் ஊசியை நிறுத்திய பிறகோ, வெளியிலிருந்து ரத்தம் ஏற்றிய பிறகோ, உடம்பு 'போதும்' என்று தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். இளம் அணுக்கள் சரியும். இரண்டையும் சேர்த்து ஒரு கூட்டெண் போடுகிறார்கள். ஹீமோகுளோபினை லிட்டருக்கு இத்தனை கிராம் என்று எழுதி, இளம் அணு சதவீதத்தின் வர்க்கமூலத்தை 60ஆல் பெருக்கி அதிலிருந்து கழிப்பது. ஹீமோகுளோபின் 150, இளம் அணு 1 சதவீதம் என்றால் 90. நின்றதால் ஹீமோகுளோபின் 159 ஆனால் 99. ஆனால் ஹீமோகுளோபின் 150லேயே இருந்து இளம் அணு 0.4க்கு இறங்கினால் 112. நிற்பதும் படுப்பதும் எண்ணை ஆட்டும். மருந்து வேறு விதமாக, வேறு இடத்தில் ஆட்டும். நிபுணருக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

பிரிட்டிஷ் சைக்கிள் வீரர் ஜொனத்தன் டியர்னன் லாக் 2012 செப்டம்பரில் கொடுத்த மாதிரி சந்தேகத்துக்கு உள்ளானபோது, அதற்கு முன் அளவுக்கு மீறி மது அருந்தி உடம்பு வற்றிப்போயிருந்தது என்று விளக்கம் கொடுத்தார். விசாரணைக் குழு ஏற்கவில்லை. 2014ல் இரண்டு ஆண்டுத் தடை. உடம்பு வற்றினால் ரத்தம் கெட்டியாகும், ஆனால் இளம் அணு சதவீதம் அதற்காகச் சரியாது. ஆகவே உட்காரும் நேரம் குற்றவாளிக்குச் சந்து அல்ல. சுத்தமாக ஓடும் பிள்ளைக்கு அது வேலி.

எதிர்ப்பக்கத்து வழக்கும் ஒன்று உண்டு. ஜெர்மனியின் பனிச்சறுக்கு ஓட்ட வீராங்கனை கிளவுடியா பெக்ஸ்டைன், எந்த மருந்தும் கண்டுபிடிக்கப்படாமல், இளம் சிவப்பணு எண் உயர்ந்திருந்ததை மட்டும் வைத்து 2009ல் இரண்டு ஆண்டு தடை செய்யப்பட்டார். விளையாட்டு நடுவர் மன்றமும் அதை உறுதி செய்தது. பின்னர் ரத்த நிபுணர்கள், அவருக்குத் தந்தை வழியில் வந்த சிவப்பணுக் கோளாறு ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். நீதிமன்றம் நீதிமன்றமாக அவர் ஏறி இறங்கிய கதை பல ஆண்டுகள் நீண்டது.

பெக்ஸ்டைன் கதை நம் ஊருக்குத் தொடர்பில்லாதது அல்ல. மலேசியாவில் தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்கள் பலர், தங்களுக்கு அது இருப்பது தெரியாமலேயே வாழ்கிறார்கள். சுகாதார அமைச்சு 2016 முதல் படிவம் நான்கு மாணவர்களுக்குப் பள்ளியில் பரிசோதனை நடத்தி வருகிறது. அந்த முடிவுக் காகிதத்தைப் பலர் வீட்டில் எங்கோ வைத்துவிடுகிறோம். விளையாடும் பிள்ளை வீட்டில் இருந்தால் அதைப் பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். அணி மருத்துவரிடம் ஒரு நகல் கொடுங்கள்.

தோட்டத்து டிரெஸ்ஸர் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து 'ரத்தம் பத்தாது' என்று சொன்ன காலத்து ஆட்கள் நாம். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. இதில்தான் உண்மையான கண்ணி இருக்கிறது. நெடுந்தூரம் பயிற்சி செய்யும் உடம்பு, சில வாரங்களிலேயே பிளாஸ்மாவைக் கூட்டிக்கொள்ளும். வெயிலுக்கும் உழைப்புக்கும் அது தன்னைத் தயார் செய்துகொள்ளும் முறை. சிவப்பணு குறையவில்லை, தண்ணீர் கூடியிருக்கிறது. காகிதத்தில் ஹீமோகுளோபின் சற்றுக் குறைவாகத் தெரியும். கூடவே கிளினிக்கில் படுக்க வைத்து ரத்தம் எடுத்திருந்தால் இன்னும் குறையும். பிள்ளை சோர்வாக இருக்கிறது, ரத்தம் குறைவு என்று காகிதமும் சொல்கிறது, 'ஒரு டிரிப் போட்டால் தெம்பு வரும்' என்று யாரோ சொல்கிறார்கள். பெற்றோரும் சரி என்கிறார்கள்.

அங்கேதான் பிள்ளையின் வாழ்க்கை மாறிப்போகலாம். 12 மணி நேரத்தில் மொத்தம் 100 மில்லி லிட்டருக்கு மேல் நரம்பு வழியாக ஏற்றுவது, உள்ளே இருப்பது வெறும் உப்புநீராக இருந்தாலும், ஊக்கமருந்து விதியில் தடை செய்யப்பட்ட முறை. மருத்துவமனைச் சிகிச்சை, அறுவைச் சிகிச்சை, மருத்துவ ஆய்வு இவற்றுக்கு விலக்கு உண்டு. முன் அனுமதி பெறும் வழியும் உண்டு. சாதாரண கிளினிக்கில் தெம்புக்காகப் போடும் அரை லிட்டர் டிரிப்புக்கு அந்த விலக்கு வராது. டெங்கிக் காய்ச்சலில் மருத்துவமனையில் சேர்த்து ஏற்றினால் அது வேறு, உயிர்தான் முதலில். அப்போதும் டிஸ்சார்ஜ் காகிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். ரத்தச்சோகை உண்மையிலேயே இருக்கும் பிள்ளைகளும் உண்டு, குறிப்பாகப் பெண் பிள்ளைகள். அதை உறுதி செய்ய உடம்பிலுள்ள இரும்புச் சத்துக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை இருக்கிறது. ஒரே ஒரு ஹீமோகுளோபின் எண்ணை வைத்து ஊசிக்கு ஓட வேண்டாம்.

விளையாட்டை விட்டுவிட்டாலும் இந்த விஷயம் வீட்டுக்கு உதவும். வெளிநோயாளியாக நடந்து போய், வரிசையில் நின்று கொடுத்த ரத்தத்தில் 12.5 என்று வந்த பாட்டிக்கு, வார்டில் சேர்த்த மறுநாள் காலை படுத்தபடி எடுத்ததில் 11.7 என்று வந்தால், 'ராத்திரியில் ரத்தம் எங்கே போனது' என்று பயப்படுகிறோம். பல நேரங்களில் எங்கும் போகவில்லை. கொழுப்பு, புரதம் போன்ற எண்களும் இதே மாதிரி ஆடும். கையில் ரப்பர் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கிக் கட்டி வைத்தாலும் எண் ஏறும். ஆனால் ரத்தம் போவதற்கான அறிகுறி ஏதாவது இருந்தால், படுத்ததால் குறைந்தது என்று நாமே முடிவு கட்டக் கூடாது; மருத்துவரைக் கேட்க வேண்டும்.

பரிசோதனைக்கு வருவோம். நம் நாட்டில் மாதிரி எடுக்க வருபவர்கள் அடாமாஸ் எனப்படும் மலேசிய ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனத்தின் அதிகாரிகளாகவோ, அனைத்துலகச் சம்மேளனம் அனுப்பியவர்களாகவோ இருப்பார்கள். போட்டித் திடலில் மட்டும்தான் வருவார்கள் என்றில்லை. அதிகாலையில் வீட்டுக் கதவையும் தட்டலாம். அப்போது பிள்ளை படுக்கையிலிருந்து எழுந்து வந்திருக்கும். பத்து நிமிடக் கணக்கு அப்போதுதான் தொடங்க வேண்டும். பயிற்சி முடிந்த நேரம் என்றால் அதைச் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரம் ஆகும்வரை அதிகாரியின் கண் முன்னால் காத்திருக்க வேண்டும். ஓடி ஒளிவதோ, குளித்துவிட்டு வருகிறேன் என்று மறைவதோ மறுப்பாகக் கொள்ளப்படும். அதற்குத் தண்டனை மருந்து உட்கொண்டதற்குச் சமம்.

பிள்ளைக்கு உரிமைகளும் உண்டு. கூட ஒருவரை வைத்துக்கொள்ளலாம். மொழி புரியவில்லை என்றால், கிடைக்கும் பட்சத்தில் மொழிபெயர்ப்பவரைக் கேட்கலாம். வயது குறைந்த பிள்ளை என்றால் பெரியவர் ஒருவர் அருகில் இருப்பது மிக நல்லது. அண்மையில் மலைப்பிரதேசத்தில் பயிற்சி செய்ததா, ரத்ததானம் செய்ததா, விபத்தில் ரத்தம் போனதா, கடும் வெப்பத்தில் பயிற்சியா என்றெல்லாம் கேட்பார்கள். திருவிழா நேரத்தில் கோயில் மண்டபத்து ரத்ததான முகாமில் ஒரு பை கொடுத்திருந்தால் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். ரத்தம் கொடுத்தபின் ஹீமோகுளோபின் இறங்கி இளம் அணு ஏறும். சொல்லாவிட்டால் ரத்தத்தை எடுத்துச் சேமித்து வைக்கும் மோசடி போலவே அது தெரியும்.

எடுத்த ரத்தமும் சும்மா இருக்காது. நம் வெயிலில் அது கெட்டுப்போகும். ஆகவே வெப்பமானியோடு குளிர்பெட்டியில் போகிறது. சராசரி வெப்பநிலையை மூன்றால் பெருக்கி, எடுத்ததிலிருந்து ஆய்வு செய்யும் வரையான மணி நேரத்தைக் கூட்டினால் 85ஐத் தாண்டக் கூடாது என்பது விதி. 5 பாகை செல்சியஸில் வைத்தால் 70 மணி நேரம் கிடைக்கும். 10 பாகைக்கு ஏறினால் 55 தான். தோட்டப்புறச் சாலையிலிருந்து வெளிநாட்டு ஆய்வுக்கூடம் வரை போகும் மாதிரிக்கு இது சின்ன விஷயம் அல்ல. ஆனால் அது அதிகாரிகளின் பாடு. பிள்ளையின் கையில் இல்லை.

பிள்ளையின் கையில் இருப்பது படிவத்தின் கடைசிப் பகுதி. நடந்த முறையில் குறை இருந்தால் எழுதுவதற்கு அதில் இடம் உண்டு. பத்து நிமிடம் உட்கார வைக்கவில்லை என்றால், நாற்காலி இல்லாமல் கட்டிலில் சாய்த்து எடுத்தார்கள் என்றால், உட்கார்ந்த நேரமும் ஊசி போட்ட நேரமும் தவறாக இருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் அங்கேயே எழுத வேண்டும். மலாயில் எழுதலாம், ஆங்கிலத்தில் எழுதலாம். அதிகாரி கோபித்துக்கொள்வாரோ என்று நம் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள். இரண்டு ஆண்டு கழித்து, எங்கோ ஒரு நாட்டில் மூன்று நிபுணர்கள் அந்தக் கோப்பைத் திறக்கும்போது, பிள்ளையின் முகமோ ஊரோ அவர்களுக்குத் தெரியாது. அந்த ஒரு வரிதான் அவர்கள் கண்ணில் படும்.